மணல் மூட்டையில் பழகிய தாஸ் அண்ணன்

தாஸ் அண்ணன் செத்துப்போய்விட்டார். இன்று காலை திருவொற்றியூர் பஸ் ஸ்டாப்பில் வேலைக்குப் போக நின்றவர், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்திருக்கிறார்.

போனில் சொன்னவரிடம் நான் முதலில் கேட்டது இதுதான். "யாராவது நெஞ்ச அமுக்கினாங்களா?"

எட்டு வருடத்துக்கு முன்பு எண்ணூர் பக்கம் ஒரு கம்பெனியில் அவரும் நானும் காண்ட்ராக்ட் லோடிங். அங்கே வருடம் ஒருமுறை ஃபர்ஸ்ட் எய்ட் கிளாஸ் நடக்கும்... பர்மனென்ட் ஆட்களுக்கு மட்டும்.

மூச்சு நின்றவருக்கு நெஞ்சை அமுக்கப் பழகும், நெஞ்சு வரை உள்ள ரப்பர் பொம்மை ஒன்றை வேனிலிருந்து ஹாலுக்குத் தூக்கிப்போவது நாங்கள். வைத்துவிட்டு வெளியே போய்விட வேண்டும்.

தாஸ் அண்ணன் மட்டும் ஜன்னல் ஓரம் நின்று பார்ப்பார். சாப்பாட்டு நேரத்தில் ஃபயர் பக்கெட் பக்கம் கிடக்கும் மணல் மூட்டையைப் படுக்கப் போட்டு, கைமேல் கை வைத்து அமுக்குவார்.

"இன்னா நைனா, மூட்டைக்கு மூச்சு வந்துச்சா?" என்று கலாய்ப்போம்.

"உனுக்கு வராம போவும்போது தெரியும் மாமு" என்பார்.

அந்த வருடமே எங்களோடு மூட்டை தூக்கும் கோபால் அண்ணன் விழுந்தார். கை கால் வெட்டி இழுத்தது. வலிப்பு என்று நினைத்து, கையில் கொடுக்க இரும்பு தேடி ஓடினோம்.

இரும்புக்கா எங்களுக்குப் பஞ்சம்... ஸ்பேனர், சாவிக்கொத்து, சங்கிலித் துண்டு. ஒருத்தன் சோடா உடைத்து முகத்தில் ஊற்றினான். நானும் கையில் ஒரு ஸ்பேனரோடு நின்றேன்.

தாஸ் அண்ணன் லாரி மேலிருந்து குதித்து வந்தார். "தள்ளுடா, வலிப்பு இல்ல. மூச்சே இல்ல அவனுக்கு."

"தொடாதய்யா. செத்தா உன் மேலதான் கேஸு" என்றார் சூப்பர்வைசர். கிளாஸில் முதல் வரிசையில் உட்கார்ந்த நாலு பேர் கையைக் கட்டிக்கொண்டு பார்த்தார்கள்.

தாஸ் அண்ணன் அமுக்கினார். சத்தமாக எண்ணிக்கொண்டே அமுக்கினார். கொஞ்ச நேரத்தில் என்னைப் பார்த்து, "ஆள் மாத்துடா, கை வுட்டுப்போச்சு" என்றார்.

நான் நகரவில்லை.

கோபால் அண்ணன் பிழைக்கவில்லை. தாஸ் அண்ணனை மூன்று நாள் ஸ்டேஷனுக்கு அலையவிட்டார்கள். விலா எலும்பை உடைத்துக் கொன்றுவிட்டான் என்று கேன்டீனில் பேசினார்கள். வேலையும் போனது. ஸ்பேனர் கொடுத்த எங்களை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

காரியம் முடிந்த மறுநாள் கோபால் அண்ணனின் மனைவி தாஸ் அண்ணன் வீட்டுக்கு வந்தார். அடிக்கத்தான் வருகிறார் என்று நினைத்தோம்.

"அத்தினி பேரு நின்னுகினு இருந்தாங்களாம். நீ ஒருத்தன்தான் என் வூட்டுக்காரர தொட்டியாமே அண்ணே..." அவ்வளவுதான் சொன்னார். தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுப் போய்விட்டார்.

அதன் பிறகு தாஸ் அண்ணன் போகிற இடமெல்லாம் கிளாஸ். டீக்கடை, ஆட்டோ ஸ்டாண்ட், யூனியன் ஆபீஸ் வாசல். பஸ் ஸ்டாப்பில் மீன் விற்கும் செல்வி அக்காவை ஐஸ் மூட்டை மேல் அமுக்கவைத்துப் பழக்கினார்.

"யோவ், அடியில மீனு கீதுய்யா, நசுங்கிடும்."

"அது எப்பவோ செத்துடுச்சு. நீ மனுசன பாரு. கைய மடக்காத, நேரா வச்சி அமுக்கு."

இன்று காலை அவர் விழுந்ததும் செல்வி அக்காதான் கூடையைப் போட்டுவிட்டு ஓடியிருக்கிறார். சுற்றி நின்ற கும்பலில் ஒருவன், "பொம்பள போயி ஆம்பள நெஞ்சுல கை வைக்குது பாரு" என்று சொல்லியிருக்கிறான்.

"வாய மூடிகினு வந்து கை மாத்துடா" என்று அக்கா திட்டியிருக்கிறார். ஒரு ஆட்டோக்காரர் வந்து உட்கார்ந்தார். ஆம்புலன்ஸ் வரும் வரை இருவரும் மாறி மாறி அமுக்கினார்கள்.

ஆஸ்பத்திரியில் முடிந்துவிட்டது என்று சொல்லிவிட்டார்கள்.

மத்தியானம் அவர் வீட்டுக்குப் போனேன். செல்வி அக்கா வாசலில் உட்கார்ந்திருந்தார். இரண்டு மணிக்கட்டும் வீங்கியிருந்தன.

"தம்பி, நீ அவரு கூட இருந்தவன். நான் சரியாதான் அமுக்கினேனா?"

"சரியாதான்க்கா" என்றேன். ஒரு மூட்டையைக்கூட நான் அமுக்கிப் பார்த்ததில்லை.

நாளைக் காலை பத்து மணிக்கு எடுக்கிறார்கள்.

தோள் மாத்த வந்துடுறேன் அண்ணே.