யூலை மாதக் கடல்

வீட்டில் படித்தவன் நான்தான் என்று அவுஸ்திரேலியப் பயணத்தை முழுதாக என்னிடம் விட்டிருந்தார்கள். அப்பாவும் அம்மாவும் கனடாவின் மொன்றியலை விட்டு விடுமுறைக்குப் போவது அதுதான் முதல்தடவை. யூலையில் அங்கே குளிர்காலம் என்பதை விடுதியைப் பதிவுசெய்த பிறகுதான் கவனித்தேன்.

கடற்கரைக் கடைகள் பாதி பூட்டிக் கிடந்தன. தடித்த ஜாக்கெட்டோடு நாயைக் கூட்டிவந்த ஒருவரைத் தவிர ஆளில்லை.

"பிழையான நேரத்தில கூட்டிக்கொண்டு வந்திட்டன், அப்பா."

"இதையோ குளிர் எண்டுறாய்?" அப்பா போட்டிருந்த சேட்டைக் கழற்றினார். "பனிக்குள்ள பஸ்ஸுக்கு நிண்டவனடா நான்!"

"சளி பிடிச்சால் என்னட்டை வரக்கூடாது" என்ற அம்மா, அவருக்கு முன்னமே தண்ணீரில் இறங்கிவிட்டார்.

மதியம் தாண்டியதும் சாப்பிடப் போவோம் என்று இரண்டு தரம் கூப்பிட்டேன். அலைக்குள் விளையாடிக்கொண்டிருந்த இருவரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.