டானிக்கில் டீத்தூள்

கல்லீரல் டானிக்குக்கு வரும் கீழாநெல்லிப் பொடியில் பீனால் சத்தை அளப்பதுதான் ஹெலனின் வேலை. அதற்காகத் தங்கவயலிலிருந்து தினமும் பெங்களூருக்கு ரயிலேறுவாள். சத்து கூடினால் சோதனைக் குழாயில் நீலம் கூடும்; அதை மிஷின் அளந்து சொல்லும். 1998-இல் ஒருநாள் வழக்கத்தை மீறி மைபோல நீலம் வந்தது. சந்தேகப்பட்டுப் பொடியை முகர்ந்தாள். டீத்தூள் கலப்படம்! காமாலையில் கிடக்கும் அவள் தம்பி குடிப்பதும் இதே டானிக்தான்.

முதலாளி மகாஞானி. “டீயிலயும் பீனால் இருக்கும்மா. மிஷினே ஒத்துக்கிச்சு, உனக்கென்ன?”

“அப்ப டீக்கடையிலயே காமாலைக்கு வைத்தியம் பாக்கலாமே சார்! என் தம்பி குடிக்கிறான்யா இத!”

“பாஸ்னு சொல்லு. இல்லன்னா நாளைக்கு வராத.”

ஹெலன் அந்தப் பொடி மூட்டையைச் சாக்கடையில் கவிழ்த்துவிட்டுக் கிளம்பினாள். வீட்டுக்குப் போனதும் தம்பியின் பாட்டிலையும் அதே மரியாதையோடு கொட்டினாள். இரண்டு ஊர்ச் சாக்கடைகளின் கல்லீரலும் நலம் பெறட்டும்.