வெள்ளவத்தையில் வைக்கிங் படை

கேம் சென்டர் நடத்துவது என்பது, மற்றவர்கள் தோற்பதைப் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டே சிரிப்பை அடக்கும் தொழில். யுத்தத்தின் கடைசி வருடங்களில், கொழும்பில் காலி வீதியிலிருந்து கடலுக்கு இறங்கும் ஓர் ஒழுங்கையில், நாலு ஸ்கிரீனும் ஒரு மின்விசிறியும் வைத்து நான் அதைச் செய்தேன். ஏதாவது ஒரு கடை நடத்தியவர்களுக்கு என் பாடு விளங்கும்.

வெள்ளைப் பலகை

புது விளையாட்டு வந்தால் அதன் நல்லதையும் குறையையும் பலகையில் எழுதி வாசலில் வைப்பேன். வைக்கிங் விளையாட்டுக்கு எழுதியது இது: "நல்லது: ஒரே சண்டையில் நூற்றுக்கணக்கான வீரர்கள். கோடரி வீச்சு உங்கள் கையிலேயே தெரியும். சிறைப்பட்ட ஊரவரை விடுவித்தால் அவர்களே உங்கள் படையாக வருவார்கள். குறை: சண்டைக்கும் சண்டைக்கும் நடுவில் ஒரே நடை. முதுகுப்பக்கம் வருபவனைக் காட்டாது. கோட்டைச் சண்டையை இடையில் சேவ் பண்ண முடியாது."

கனடாவில் இருக்கும் மகளுக்கு ஈமெயில் அனுப்ப வருகிற ஓய்வுபெற்ற கிளார்க் செல்வரத்தினம் ஐயா, கண்ணாடியைத் துடைத்துப் போட்டு எல்லாவற்றையும் வாசித்தார். பிறகு ஈமெயிலை மறந்து வைக்கிங்குக்கு முன்னால் போய் உட்கார்ந்தார். "பிள்ளை, எங்கட கலியாணத் தரகரும் இப்பிடி ரெண்டு பக்கமும் எழுதித் தந்திருக்கலாம்."

கோட்டை வாசலில் பொலிஸ்

அந்த விளையாட்டில் முரசும் கூச்சலும் அதிகம். "உள்ளுக்கை சண்டை நடக்குது" என்று யாரோ முறைப்பாடு செய்ய, ஒரு பின்னேரம் பொலிஸ்காரர் ஒருவர் வந்து நின்றார். அவர் வாயைத் திறக்க முதலே எல்லோருடைய அடையாள அட்டையும் மேசைக்கு வந்துவிட்டது. "யாருடைய படை இது?" என்று சிங்களத்தில் கேட்டார். குளிர்நாட்டுக் கப்பல்காரர், எப்போதோ செத்துப்போனவர்கள் என்றேன்.

அவர் தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டு விளையாட உட்கார்ந்தார். முதல் வாசலிலேயே ஐந்து தடவை செத்தார். எழும்பும்போது, சத்தம் ரோட்டுக்கு வந்தால் கடையை மூடுவேன் என்று சொன்னார். படியில் இறங்கியவர் திரும்பிப் பார்த்து, தங்கச்சி என்று சிங்களத்தில் கூப்பிட்டு இன்னொன்றும் கேட்டார்: "நங்கி, இந்தக் கோட்டைக்குப் பின்கதவு இல்லையா?"

கிரேன்காரர்

சத்தத்தை நிறுத்தியதும் புதுத் தலையிடி. முதுகுப்பக்கம் வருகிறவனை அதுவரை காலடிச் சத்தத்தில்தான் பிடித்தார்கள். இப்போது ஆளுக்காள் வெட்டுப்பட்டார்கள். பாதிப் பேர் வேறு விளையாட்டுக்கு மாறிவிட்டார்கள்.

கொச்சிக்கடையிலிருந்து ஞாயிறு தேவாலயப் பூசை முடிந்து மனைவி பிலோமினாவோடு வருகிற அன்ரன் மட்டும் மாறவில்லை. துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர். நின்ற இடத்தில் நிற்காமல் சுற்றிச் சுற்றியே கோடரியை வீசினார், ஒருத்தனும் முதுகைத் தொடவில்லை. எப்படி என்று கேட்டேன். "கப்பலின்ர அடித்தட்டு எனக்குத் தெரியிறதே இல்லை தங்கச்சி, அதுக்காகச் சாமானை இறக்காமல் விடுறனா?"

கடைசிக் கோட்டை

கடைசித் தலைவனிடம் கோடரி பலிக்காது. ஸ்கிரீனில் ஒரு நிறம் மின்னும், அதே நிறப் பொத்தானை அந்தக் கணமே அமத்த வேண்டும். அன்ரனின் தடித்த விரல் மூன்று ஞாயிறு பிந்தியது. ஒவ்வொரு தடவையும் முக்கால் மணித்தியாலச் சண்டை முதலிலிருந்து.

நாலாவது ஞாயிறு கடை நிரம்பியிருந்தது. செல்வரத்தினம் ஐயா வந்திருந்தார். சாதாரண உடுப்பில் அந்தப் பொலிஸ்காரரும் வந்து சுவரோடு நின்றார். எல்லோரும் வாயைப் பொத்திக்கொண்டு பார்த்தோம். கரண்ட் ஒருக்கால் மங்கி வந்தது. அன்ரன் தலைவன் வரைக்கும் போய், முதல் நிறத்தைத் தவறவிட்டார். இன்னும் ஒரு அடி பட்டால் உயிர் போய்விடும்.

"இஞ்ச தாங்கோ" என்று பிலோமினா கொன்ட்ரோலரைப் பறித்தார். வத்தளை கார்மென்ட்ஸ் தொழிற்சாலையில் நாள் முழுக்கச் சட்டைக் கொலர் தைக்கிற கை. நீலம், சிவப்பு, பச்சை, திரும்பவும் சிவப்பு. ஒன்றுகூடப் பிசகவில்லை. தலைவன் முழங்காலில் விழுந்தான், கோட்டையில் கொடி ஏறியது.

முதலில் கத்தியது பொலிஸ்காரர்தான். பிறகு ஒழுங்கையே அதிரக் கத்தினோம். செல்வரத்தினம் ஐயா என் கையைப் பிடித்துக் குலுக்கினார். அன்ரன் மனைவியை வாய் திறந்தபடி பார்த்துக்கொண்டிருந்தார். பிலோமினா ஹேண்ட்பேக்கை எடுத்துத் தோளில் மாட்டினார். "எழும்புங்கோ, பஸ் போயிடும்."

மூன்று வருடம் கடை நடத்திய நான், அந்தக் கடைசிக் கோட்டைக்குள் இன்றுவரை காலடி வைத்ததில்லை.