செங்குட்டுவன் அழித்த ஃபோல்டர்

செங்குட்டுவனுக்கு ரெடிமேட் சமாசாரம் ஆகாது. எந்த இலவச மென்பொருளானாலும் அதன் மூல நிரலை, அதாவது சோர்ஸ் கோடை, இறக்கி, தன் கையாலேயே கம்பைல் செய்து, ஓடுகிற மென்பொருளாக்கி ஏற்றினால்தான் அவனுக்குச் சோறு இறங்கும். பகலில் திருவொற்றியூர் கன்டெய்னர் யார்டில் லாரி நம்பர் பதியும் வேலை. சாயங்காலமானால் வியாசர்பாடி புத்தர் படிப்பகம். அங்கே தானமாக வந்த பழைய கம்ப்யூட்டர்களுக்கு அவன்தான் வைத்தியன். அவன் கம்பைல் செய்யும்போது கறுப்புத் திரையில் எழுத்துகள் சரசரவென்று ஓடும். பிள்ளைகள் வாயைப் பிளந்துகொண்டு பார்ப்பார்கள். ஓடி முடிந்ததும் எல்லோரும் கைதட்டுவார்கள், படிப்பகத்தை நடத்தும் வேம்பு அக்கா டீ சொல்லுவாள். இது அங்கே வழக்கமாகவே ஆகிவிட்டது. கைதட்டு வாங்கிப் பழகியவனுக்குத் தலைகால் புரியுமா?

இன்னொரு பழக்கமும் அவனுக்கு உண்டு. மென்பொருள் ஏறியதுமே சோர்ஸ் ஃபோல்டரை அழித்துவிடுவான். குப்பை எதற்கு என்பான். போட்டதைத் திரும்பக் கழற்ற அந்த ஃபோல்டர் வேண்டும் என்பது தெரியாதவன் இல்லை. நான் போட்டதை எவன் கழற்றப் போகிறான் என்கிற திமிர், வேறென்ன!

தமிழ் டைப் அடிக்க அங்கே ஒரே ஒரு கம்ப்யூட்டர்தான் தோதாக இருந்தது. படிப்பகத்துக்கு வரும் ஷாலு அதில்தான் பழகிக்கொண்டிருந்தாள். ஒரு கம்பெனியில் டைப்பிஸ்ட் வேலைக்கு அடுத்த வாரம் டெஸ்ட், வீட்டில் கம்ப்யூட்டர் கிடையாது. நன்றாக ஓடிக்கொண்டிருந்த தமிழ் தட்டச்சு மென்பொருளை, யாரும் கேட்காமலேயே, செங்குட்டுவன் தூக்கிவிட்டுப் புதிய பதிப்பைக் கம்பைல் செய்து போட்டான். கைதட்டினார்கள். டீ வந்தது. ஃபோல்டரை அழித்துவிட்டு வீட்டுக்குப் போனான்.

மறுநாள் ஷாலு எதைத் தட்டினாலும் தமிழ் வரவில்லை. என்ன ஆச்சு தம்பி என்று வேம்பு அக்கா கேட்டாள். நான்தான் கெடுத்தேன் என்று சொல்ல அந்தக் கணம் போதும். ஆனால் சுற்றிலும் பிள்ளைகள் நின்றார்கள். அவன் வாய் வேறொன்றைச் சொன்னது.

“நேத்து வரிக்கும் நல்லாத்தான்க்கா ஓடினு இருந்துச்சு. யாரோ செட்டிங்ஸ்ல கைய வச்சிருக்காங்க.”

எல்லோரும் ஷாலுவைப் பார்த்தார்கள். அவள் அவனை ஒரு தரம் பார்த்தாள். சரியாகும்வரை இதைத் தொடாதே என்று வேம்பு அக்கா சொன்னதும் ஷாலு பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

அதற்குப் பிறகு அவன் பட்ட பாடு கொஞ்சமில்லை. புதியதைக் கழற்ற ஃபோல்டர் இல்லை. அதன் மேலேயே பழையதைப் போட்டால் இரண்டும் முட்டிக்கொண்டு நின்றன. அதே பதிப்பை மறுபடி இறக்கி, மறுபடி கம்பைல் செய்து, அதை வைத்துக் கழற்றி, பழையதை ஏற்றினான். திரையில் ஒருவழியாக ‘அ’ வந்தது. மறுபடியும் கைதட்டு! செங்குட்டுவன் கை வைத்தால் எதுவும் பிழைத்துக்கொள்ளும் என்று வேம்பு அக்கா வேறு சொல்லிவிட்டாள். அவனுக்கு உடம்பெல்லாம் கூசியது. டீயைத் தொடாமல் அப்படியே வைத்துவிட்டான். டெஸ்டுக்கு இரண்டே நாள் இருந்தது, ஷாலு வரவேயில்லை.

வேகமாக அவள் குடியிருப்புக்குப் போனான். கீழே அடிபம்பில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தாள். தலையைக் குனிந்தபடி எல்லாவற்றையும் சொன்னான். அவள் பம்பை நிறுத்தவில்லை.

“தெரியும்ணா. நீ அத ஓட்டசொல்ல உன் பின்னாடிதான நின்னுகினு இருந்தேன். நானும்தான் கைதட்டுனேன்.”

“அப்ப ஏம்மா அன்னிக்கே சொல்லல?”

“நீ சொல்லுவன்னு பாத்தேன்.”

மன்னித்துக்கொள் என்றான். அவள் குடத்தை இடுப்பில் ஏற்றினாள்.

“என்கைல எதுக்குணா சொல்ற? எனக்குத்தான் தெரியுமே. அங்க போய் சொல்லு.”

வெட்கம் பிடுங்கித் தின்ன, படிப்பகத்துக்குத் திரும்பினான். கம்ப்யூட்டர் முன்னால் போய் நின்றதும், அண்ணன் புதுசாக ஏதோ போட்டுவிட்டார் என்று பிள்ளைகள் கைதட்ட ஆரம்பித்தார்கள். வேம்பு அக்கா டீக்கடைப் பக்கம் கையைக் காட்டினாள்.

“தட்டாதீங்க,” என்றான். “அத கெடுத்தது நான்தான். ஷாலு ஒண்ணும் பண்ணல. தெரிஞ்சேதான் பழிய அவ மேல போட்டேன்.”

கைதட்டல் நின்றது. வேம்பு அக்கா காட்டிய கையை இறக்கிக்கொண்டாள். ஈரக் கையைத் துப்பட்டாவில் துடைத்தபடி ஷாலு வாசலில் நின்றிருந்தாள். உள்ளே வந்து, அவனைத் தாண்டிப் போய், நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு டைப் அடிக்கத் தொடங்கினாள். எங்கே பார்ப்பது என்று தெரியாமல் செங்குட்டுவன் அங்கேயே நின்றுகொண்டிருந்தான்.