கம்பளி இல்லாமல் கண்டிக்குப் போனேன்

கோப்பிப் பழம் பறித்து முடிந்ததும் துரை இரண்டு நாள் லீவு கொடுத்தார். நானும் மனைவியும், தோட்டத்துக் கூலிகள் லயத்தில் அடுத்த அறையில் இருந்த மாரிமுத்துவும் கண்டி வாவியைப் பார்க்கக் கிளம்பினோம். செலவில்லாத திட்டம் என்னுடையது: நடந்து போவது, கட்டுச்சோறு தின்பது, கண்டியில் எங்கள் ஊர்ப்பக்கத்து முதலாளி ஒருவர் வழிப்போக்கர்களுக்கு விடும் கடை விறாந்தையில் படுப்பது.

"தொர குடுத்த கம்பளி வேணாம். தோட்டத்து ஆளுன்னு காட்டிக் குடுத்துரும்," என்றேன். மாரிமுத்து கேட்கவில்லை, போர்த்திக்கொண்டே வந்தான்.

கடை வாசலிலேயே முதலாளி மறித்தார். "தோட்டத்து ஆளுங்க இங்க ஏறக்கூடாது. வாந்திபேதியக் கொண்டாந்து விட்டுருவாங்க. இந்தக் கம்பளிக்காரன் உங்க ஆளா?"

நான் மாரிமுத்துவைப் பார்த்துக்கொண்டே, "யாருன்னே தெரியாதுங்க," என்றேன்.

அவன் வாவிப் பக்கம் நடந்தான். நாங்கள் விறாந்தையில் ஏறினோம். மனைவி சோற்றுமூட்டையை அவிழ்க்கவே இல்லை.

மறுநாள் திரும்பும் வழியில் மழை பிடித்துக்கொண்டது. முன்னால் போய்க்கொண்டிருந்த மாரிமுத்து நின்றான். நடுங்கிக்கொண்டிருந்த என் மனைவியிடம் கம்பளியைக் கழற்றி நீட்டினான்.

"போத்திக்கங்க, அண்ணி. ஒங்கள எனக்குத் தெரியும்."

என் பக்கம் அவன் திரும்பவே இல்லை.

அந்த முதலாளியை இன்றும் வாய்க்கு வந்தபடி திட்டுகிறேன். ஆனால் அவர் விரட்டியது தனக்கு முன்பின் தெரியாத ஆளை.