அவர் ஆமென் என்று கேட்ட சொல்

எட்டாம் வகுப்போடு நின்றவன் நான். கும்மிடிப்பூண்டியில் இரும்புக் கம்பி உருட்டும் ஆலையில் வேலை. இங்கிலீஷ் எனக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. மிஷின் மேல் ஒட்டியிருக்கும் எச்சரிக்கைச் சீட்டு, வடநாட்டு சூப்பர்வைசரின் வசவு, ஞாயிற்றுக்கிழமை சபைக்கு வந்துபோகிற பிரசங்கிமார் என்று அங்கங்கே பொறுக்கிச் சேர்த்ததுதான். கூச்சம் இல்லாததால் நாலு வார்த்தையை வைத்துக்கொண்டு நாற்பது வார்த்தைக்காரனைப் போலப் பேசுவேன். ஆலையில் கூட வேலை பார்த்தவர்கள் என்னை "இன்னாடா ரெண்டு நாக்கு" என்றுதான் கூப்பிடுவார்கள். எனக்கு அதில் பெருமை.

இரண்டாயிரங்களின் தொடக்கத்தில் எங்கள் பக்கம் வந்த கொரியாக்காரர் ஒருவருக்கு அந்த இரண்டாவது நாக்குதான் தேவைப்பட்டது. வாரத்தில் ஆறு நாள் ஒரு கம்பெனியில் மிஷின் பொருத்திக் கொடுக்கிற வேலை, ஏழாம் நாள் ஊழியம் என்று வந்தவர். சொந்த ஊரில் பெரிய சபை, நல்ல வீடு எல்லாம் இருந்ததாம். எங்கள் வெயிலில் சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்ள, என் சைக்கிளுக்குப் பக்கத்தில் நடந்தே வருவார். சபையை நட வந்திருக்கிறேன் என்றார். நானும் அப்படியே சொன்னேன், "ஐயா இங்க சபை நட வந்துக்கிறாரு" என்று. தண்டவாளத்துக்குக் கிழக்கே, ஆரம்பாக்கம் போகும் வழியில் ஒரு ஊர். அங்கே ஒரு அம்மா களை எடுத்துக்கொண்டிருந்த கையோடு நிமிர்ந்து, "நடவு முடிஞ்சி போச்சே நைனா, இனிமே அடுத்த போவத்துக்குத்தான்" என்றாள். வரப்பில் இருந்தவர்கள் எல்லாம் சிரித்தார்கள். எதற்கு என்று தெரியாமல் அவரும் சேர்ந்து சிரித்தார்.

அந்த ஊரில் வீடு வீடாகப் போனோம். போன இடத்தில் எல்லாம் பாய் போட்டு உட்காரச் சொன்னார்கள், தண்ணீர் கொடுத்தார்கள், சோடா வாங்கிவர ஆள் அனுப்பினார்கள். அவர் பேசுவதையும் நான் அதைத் தமிழில் திருப்புவதையும் கன்னத்தில் கைவைத்துக் கேட்டார்கள். கடைசியில் ஒரே ஒரு வார்த்தை சொல்வார்கள்.

"ஆவட்டும் ஐயா."

எங்கள் பக்கத்து ஆளுக்கு இதற்கு அர்த்தம் சொல்ல வேண்டாம். வீடு தேடி வந்த மனிதரிடம் முகத்துக்கு நேரே முடியாது என்று சொல்ல வாய் வராது. அதற்கென்று இருக்கிற வார்த்தை இது. மரியாதையாக எழுந்து நின்று, வந்தவரை வாசல்வரை கொண்டுபோய் விடுகிற வார்த்தை. சில நேரம் உண்மையாகவே சரி என்றும் அர்த்தம் உண்டு. எது எந்த நேரம் என்பது குரலில் இருக்கிறது.

ஒரு மாதம் கழித்து, கவரைப்பேட்டை ஸ்டேஷன் பிளாட்பாரத்தில் நடந்துகொண்டே அவர் தன் சின்ன நோட்டைத் திறந்து, கொரிய எழுத்தில் குறித்துவைத்திருந்த அந்த வார்த்தையை வாசித்துக் காட்டினார். எல்லோரும் இதைச் சொல்கிறார்களே, என்ன இது என்று கேட்டார். குரலைப் பற்றி விளக்கும் அளவுக்கு என்னிடம் இங்கிலீஷ் இல்லை. ஆமென் என்றால் அப்படியே ஆகட்டும் என்று பொருள் என்பது சின்ன வயதில் ஞாயிறு பள்ளியில் படித்தது. சட்டென்று அது ஞாபகத்துக்கு வந்தது.

"சேம் ஆஸ் ஆமென், பாஸ்டர்" என்றேன்.

அவர் நடப்பதை நிறுத்திவிட்டார். இன்னொரு முறை கேட்டார். இன்னொரு முறை சொன்னேன். தாகத்தில் தண்ணீரைக் கண்ட மனிதரின் முகம் போல ஆகிவிட்டது அவர் முகம். அதற்குப் பிறகு என்னால் அதைத் திருத்த முடியவில்லை. அடுத்த வாரம் முதல் ஆவட்டும் என்று சொன்னவர்களின் கைகளை எல்லாம் இரண்டு கையாலும் பிடித்துக் குலுக்க ஆரம்பித்தார். தன் ஜெபத்தின் முடிவிலும் அதையே சொன்னார். ஊர்க்காரர்களுக்கு அது வேடிக்கையாகவும் பிரியமாகவும் இருந்தது.

மூன்று வருடத்தில் எங்கள் சபை கூடிய சிமெண்ட் ஷீட் கொட்டகைக்கு ஒழுங்காக வந்தவர்கள் ஒன்பது பேர். வெளியூரிலிருந்து கம்பெனி வேலைக்கு வந்து தங்கியிருந்தவர்கள் எட்டு பேர். அந்த ஊரிலிருந்து வந்தவர் ஒரே ஒரு அக்கா. எங்கள் ஆலையில் கான்ட்ராக்டில் பெருக்கும் வேலை செய்தவர். புருஷன் செத்துப் பல வருடமாகியிருந்தது. ஒரே மகள், கட்டிக்கொடுத்து அதே ஊரிலேயே இருந்தாள்.

அக்கா பேசுவதைக் கேட்க எனக்கு அவ்வளவு பிடிக்கும். பாஸ்டர் ஆசையாகக் கொடுத்த கொரிய நாட்டுப் புளித்த முட்டைகோஸைத் தின்றுவிட்டு, "இன்னா தம்பி, இந்த ஊறுகாவுக்கு ஒடம்பு கிடம்பு சரியில்லியா?" என்று கேட்டார். ஜெபம் கேட்கப்படுமா என்று யாரோ கேட்டதற்கு, "அதெல்லாம் நம்ம தெரு கரண்டு மாதிரிப்பா. வரும், போவும். அதுக்காண்டி ஒயர புடுங்கிப் போட்டுட முடியுமா?" என்றார். இதை நான் இங்கிலீஷில் சொன்னபோது பாஸ்டர் நோட்டில் எழுதிக்கொண்டார்.

ஞானஸ்நானம் எடுக்கிறீர்களா என்று பாஸ்டர் கேட்டபோது மட்டும் அக்கா சிரிக்கவில்லை.

"எடுக்கறேன். ஒண்ணே ஒண்ணுதான் தம்பி. எங்க ஊரு சுடுகாட்டுல எங்க ஊட்டுக்காரரப் பொதச்சிக்குது. அவரு பக்கத்துல ஒரு ஆளு படுக்குற எடம் காலியாக் கீது. நான் கல்லு வெச்சிக்கிறேன், பஸ்ல துண்டு போட்டு எடம் புடிக்கிறாமாரி. வேதத்துல சேந்துட்டா ஊர்ல உடமாட்டாங்க. அத்த மட்டும் ஐயா பேசிக் குடுத்துட்டாருன்னா நான் இன்னிக்கே தண்ணில எறங்குறேன்."

பாஸ்டர் அந்த வாரமே நாட்டாமையைப் பார்க்க என்னைக் கூட்டிப்போனார். நாட்டாமை ரயில்வேயில் கேங்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். நல்ல மனிதர். லெவல் கிராசிங் பக்கத்து டீக்கடை பெஞ்சில் எங்களுக்கு இடம்விட்டு நகர்ந்து உட்கார்ந்தார். முழுக்கக் கேட்டுவிட்டு டீ கிளாஸைக் கீழே வைத்தார்.

"உயிரோட கீறவங்களுக்குப் போய் இப்பவே எடம் பேசிக்கினு. அதெல்லாம் வரும்போது பாத்துக்கலாம். ஆவட்டும் ஐயா, ஆவட்டும்."

பாஸ்டர் என் பக்கம் திரும்பவே இல்லை. இரண்டு முறை அவர் காதாலேயே கேட்டுவிட்டாரே. எழுந்து நாட்டாமையின் கையைப் பிடித்துக்கொண்டார், கண் கலங்கியிருந்தது. அப்போதாவது நான் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

அதைவிடப் பெரிய தப்பு சாயங்காலம் நடந்தது. ஆலை கேட்டில் அக்கா துடைப்பத்தோடு காத்திருந்தார்.

"இன்னா சொன்னாரு?"

"சரின்னுட்டாரு அக்கா."

"இன்னா வார்த்த சொன்னாரு?"

அவர் எங்கள் பக்கத்து மனுஷி. அந்த வார்த்தையை அப்படியே சொல்லியிருந்தால் கேட்ட நிமிஷமே விளங்கியிருக்கும். அதனால்தான் சொல்லவில்லை.

"சரின்னுதான் சொன்னாரு."

அடுத்த ஞாயிறு ஏரித் தண்ணீரில் அக்கா இறங்கினார். மூக்கைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, முங்கி எழுந்து, "நல்லா ஜில்லுன்னு கீது" என்றார். கரையில் நின்று நான் கைதட்டினேன்.

அந்த ஆடி மாதம் அம்மன் கோயிலுக்குக் கூழ் ஊற்ற வீட்டுக்கு வீடு கேழ்வரகு வாங்கினார்கள். பாஸ்டர் கொடுக்க வேண்டாம் என்றார். நான் அதைச் சொன்னேன். அக்கா கொடுக்கவில்லை. கேட்டு வந்தவர்கள் அடுத்த வீட்டுக்குப் போனார்கள். மறு வருடம் அவர்கள் அக்கா வாசலில் நிற்கவே இல்லை.

அந்த மறு வருடம், மழைக்காலம் தொடங்குவதற்கு முன்னால், காலை ஷிப்டுக்குக் கிளம்பிய அக்கா நெஞ்சு வலிக்கிறது என்று வாசலிலேயே உட்கார்ந்தார். கும்மிடிப்பூண்டி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்குள் முடிந்துவிட்டது. பத்து மணிக்குச் செய்தி வந்து, நானும் பாஸ்டரும் ஆட்டோவில் போய் இறங்கினோம். அவர் வெள்ளைச் சட்டை போட்டு, வேதப் புத்தகத்தைக் கையில் வைத்திருந்தார். அழுதிருந்தார். ஆனாலும் கலங்கியவராக இல்லை. இடம் இருக்கிறது என்று நம்பி வந்தவர்.

வாசலில் நாட்டாமையும் ஊர்க்காரர்கள் நாலு பேரும் நின்றிருந்தார்கள். எப்போது எடுப்பது என்று கேட்டேன்.

"எங்க எடுக்குறதுன்னு கேளு மொதல்ல" என்றார் நாட்டாமை. "கூழுக்கு ஒரு படி கேவுரு குடுக்கல. ஊரு வேணாம், எடம் மட்டும் வேணுமா? பக்கத்துல நிக்கிறவன் கேட்டா நான் இன்னா பதில் சொல்லட்டும்?"

"அன்னிக்கு டீக்கடையில ஐயாகிட்ட சொன்னீங்களே..."

"இன்னா சொன்னேன்? ஆவட்டும்னு சொன்னேன். ஆச்சின்னா சொன்னேன்?"

பேச்சில் வேறு எதுவும் பிடிபடாத பாஸ்டருக்கு அந்த ஒரு வார்த்தை மட்டும் காதில் விழுந்தது. முகம் மலர்ந்து, முன்னால் வந்து, நாட்டாமையின் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். "தேங்க் யூ, தேங்க் யூ" என்றார். நாட்டாமை கையை உருவிக்கொள்ளவும் முடியாமல் என்னைப் பார்த்தார்.

"இன்னாபா இவரு?"

பாஸ்டரைத் தனியாக முருங்கை மரத்தடிக்குக் கூட்டிப்போனேன். எனக்கு இருந்த இங்கிலீஷ் எல்லாம் அன்று போன இடம் தெரியவில்லை. அந்த வார்த்தை ஆமென் இல்லை, போய்விட்டு அப்புறம் வாருங்கள் என்று அர்த்தம் என்று எப்படியோ சொல்லி முடித்தேன்.

வெகுநேரம் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

எப்போதுமேவா என்று கேட்டார். பெரும்பாலும் என்றேன். எல்லா வீட்டிலுமா என்று கேட்டார். தலையாட்டினேன். ஒவ்வொரு வீடாக அவர் மனதுக்குள் திரும்ப நடந்துபோவது எனக்குத் தெரிந்தது. கடைசியாக வீட்டுப் பக்கம் கையைக் காட்டி, அவளுக்குத் தெரியுமா என்று கேட்டார்.

தெரியாது, நாட்டாமை சம்மதித்துவிட்டார் என்று நான்தான் அக்காவிடம் சொன்னேன் என்றேன்.

அங்கே கிடந்த பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

இதற்குள் நாட்டாமை ஊர்க்காரர்களோடு கலந்துபேசி ஒரு வழி சொன்னார். ஊர் முறைப்படி பறை அடித்து, சங்கு ஊதி, வாய்க்கரிசி போட்டு எடுத்தால் புருஷன் பக்கத்திலேயே புதைக்கலாம். ஜெபம் கூடாது. கொரியாக்காரர் சுடுகாட்டுக்குள் காலெடுத்து வைக்கக் கூடாது. அது முடியாது என்றால் சென்னைப் பக்கம் எந்தக் கல்லறையிலாவது இடம் தேடிக்கொள்ள வேண்டியதுதான்.

அக்காவின் மகள் வெளியே வந்தாள். கைக்குழந்தை இடுப்பில் இருந்தது. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு என்னிடம்தான் வந்தாள்.

"எங்கம்மா உன்னாண்டதான கேட்டுச்சு? சரின்னுட்டாங்கன்னு நீதான சொன்ன அண்ணா?"

"ஆமாம்மா."

"அன்னிக்கு ராவெல்லாம் எங்கிட்டயும் சொல்லிக்கினு இருந்துச்சு, எடம் கெடச்சிட்சி கெடச்சிட்சின்னு." குழந்தையை மறுபக்கம் மாற்றிக்கொண்டாள். "எங்கம்மா எங்க நைனா பக்கத்துலதான் படுக்கணும். மேளம் அடிச்சா அடிக்கட்டும். சாமி ஏன்னு கேட்டா நான் பதில் சொல்லிக்கிறேன். உங்க ஐயாகிட்ட சொல்லிடு."

சொன்னேன். அன்று ஒரு வார்த்தைகூடக் கூட்டாமல் குறைக்காமல் சொன்னேன். பாஸ்டர் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு நாற்காலியிலேயே இருந்தார். அக்காவுக்கு ஞானஸ்நானம் கொடுத்த கை அவருடையது. தன் நாட்டுச் சபைக்கு இதை எப்படி எழுதுவார் என்று எனக்கே பயமாக இருந்தது. கடைசியில், அக்கா என்னிடம் ஒன்றுதான் கேட்டார் என்றார்.

மத்தியானம் எடுத்தார்கள். பறைச் சத்தத்துக்குப் பின்னால் கொஞ்சம் தள்ளி நாங்கள் நடந்தோம். ஓடையைத் தாண்டியதும் நாட்டாமை திரும்பிப் பார்த்து, கொஞ்சம் தயங்கி, "ஐயா, இதுக்கு மேல வேணாம்" என்றார். பாஸ்டர் தமிழிலேயே "சரி" என்று சொல்லி, ஷூவைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, சுடும் மண்ணில் நின்றார். எனக்கு உள்ளே போகத் தடை இல்லை. நானும் போகவில்லை. முடித்துத் திரும்புகிற வழியில் நாட்டாமை அவருக்கு ஒரு சோடா உடைத்துக் கொடுத்தார். வாங்கிக் குடித்தார்.

அதன்பின் ஆவட்டும் என்ற சொல்லை அவர் வாயில் நான் கேட்கவில்லை. அந்த ஊருக்குள்ளும் போகவில்லை. கம்பெனி ஒப்பந்தம் முடிந்தபோது புதுப்பிக்காமல் ஊருக்குப் போய்விட்டார். எட்டு பேர் ஐந்தாகி, மூன்றாகி, கொட்டகையில் இப்போது மோட்டார் வைண்டிங் கடை இருக்கிறது. ஊருக்குப் போன அன்று விமான நிலையத்தில் என் தோளைத் தட்டிவிட்டுப் போனார். என்ன நினைத்துத் தட்டினார் என்று இன்றுவரை தெரியாது.

மறு வருடம் மழை ஓய்ந்த சமயம் ஆலை கேண்டீனில் நாஷ்டா தின்றுகொண்டிருந்தபோது என் செல்போன் அடித்தது. வெளிநாட்டுப் பெரிய எண். பாஸ்டர்தான். நலம் விசாரித்துவிட்டு, மழை அதிகமா, அக்காவின் மண்மேடு நன்றாக இருக்கிறதா, போய்ப் பார்த்துச் சொல் என்றார். அடுத்த வாரம் அதே நேரம் கூப்பிடுகிறேன் என்றார்.

அன்று மாலையே போனேன். அக்கா மகளையும் கூட்டிக்கொண்டேன். ஓடை நிரம்பி சுடுகாட்டுக்குள் ஏறி இறங்கியிருந்தது. மேடு என்று ஒன்றும் இல்லை, கல்லும் இல்லை, ஒரே சீராக வண்டல் படிந்து கிடந்தது. அவள் சேலையை முழங்காலுக்குத் தூக்கிச் செருகிக்கொண்டு அங்கும் இங்கும் நடந்து பார்த்தாள்.

"எங்க நைனா எங்க, எங்கம்மா எங்க, ஒண்ணும் தெர்லயே அண்ணா" என்றாள்.

சொன்னபடி அடுத்த வாரம் அவர் கூப்பிட்டார். மேடு நன்றாக இருக்கிறது என்று சொல்ல ஒரு வார்த்தை போதும், அது என் நாக்கு நுனியிலேயே இருந்தது. அவள் சொன்னதை அப்படியே இங்கிலீஷில் சொன்னேன். அந்தப் பக்கம் சத்தமே இல்லை. லைன் போய்விட்டதோ என்று, "பாஸ்டர்? பாஸ்டர்?" என்றேன்.

இருக்கிறேன் என்றார்.