ஷெஃபிகாவின் முப்பத்தைந்து நிமிடங்கள்

அந்தச் சனிக்கிழமை மாலை விருந்தாளிகள் வெளியே போய் ஷூ மாட்டிக்கொண்டிருந்தபோது, ஷெஃபிகா காப்பித் தட்டைப் பிடித்தபடி கூடத்து நிலைப்படியில் நின்றிருந்தாள். வலது காலைத் தூக்கி உள்ளே வைத்தால் போதும். ஐம்பத்தெட்டு வருஷமாக யோசிக்காமல் செய்துவந்த காரியம். கால் பசை போட்டதுபோல் தரையோடு ஒட்டிக் கிடந்தது.

"வழியனுப்பிட்டாங்க, பாத்தீங்கல்ல?" என்றாள் முனெவெரா, பெண் கேட்டு வந்த பையனின் அம்மா. தன் புருஷனிடம்தான் சொன்னாள், தெருவுக்கே கேட்டது. "முதல் காப்பியும் கடைசிக் காப்பியும் ஒண்ணாவே வந்திருச்சு. இனிமே நமக்கு இங்க என்ன வேலை?"

ஷெஃபிகாவின் கணவன் ஹில்மோ பின்னாலேயே ஓடினான். "சம்பந்தி, கொஞ்சம் இருங்க, சம்பந்தி..."

"யாருக்கு யாரு சம்பந்தி? அதெல்லாம் காப்பி குடிச்சதுக்கப்புறம்."

அவர்கள் ஊரான டிராவ்னிக்கில் ஒரு வீட்டுக்குப் போனால் காப்பி மூன்று முறை வரும். உட்கார்ந்து மூச்சு விடுவதற்குள் வருவது வரவேற்புக் காப்பி. அது வீட்டு அம்மாளின் கையாலேயே வர வேண்டும். பேச்சு சூடுபிடித்ததும் வருவது இரண்டாவது. போதும், கிளம்புங்கள் என்று வாயால் சொல்லக் கூசுகிறவர்கள் கொண்டுவந்து வைப்பது மூன்றாவது. அதைக் குடித்த பிறகும் எழாதவர்களைப் பற்றி ஊர் ஒரு வாரம் பேசும். முதல் காப்பி எவ்வளவு சீக்கிரம் வருகிறது என்பதை வைத்துத்தான் வந்தவர் தன் மதிப்பை அளந்துகொள்வார். முப்பத்தைந்து நிமிடம் கழித்து, சிரிப்பில்லாத முகத்தோடு, நிலைப்படியைத் தாண்டாமல் நிற்கும் காப்பிக்கு அந்த ஊரில் ஒரே அர்த்தம்தான்.

இத்தனைக்கும் ஷெஃபிகாவை மெதுவானவள் என்று அதுவரை யாரும் சொன்னதில்லை. சட்டைத் தொழிற்சாலையில் முப்பது வருஷம் காலர் தைத்தவள். மணிக்கு நாற்பது காலர். புதிதாக வேலைக்கு வரும் பெண்களை மேஸ்திரி அவள் பின்னால் கொண்டுவந்து நிறுத்தி, "வாயைப் பாக்காதீங்க, கையைப் பாருங்க" என்பார். வாயும் அதே வேகம்தான். போர்க்காலத்தில் மின்சாரம் இல்லாத நிலவறையில் உட்கார்ந்து, மிஷின் தைத்த வேகத்துக்குக் கையாலேயே கோட்டுக்குப் பித்தான் வைத்துக் கொடுத்தாள். ஹில்மோவைப் பிடித்ததுகூட ஓடித்தான். அவன் பக்கத்து ஊரான ஸெனிட்ஸாவுக்குப் போகும் பஸ்ஸின் டிரைவர். புறப்பட்ட பஸ்ஸைத் தினமும் துரத்தி வந்து ஏறுவாள். "ஒரு மாசம் முழுக்க ரெண்டாவது கியரையே தாண்டல நான்," என்று அவன் இன்றைக்கும் சொல்வான். "என்னமோ நீ ஓடிப் பிடிச்ச மாதிரி பேசறே."

ஐம்பத்து நாலு வயதில் மேஸ்திரி அவளைத் தனியாக அழைத்தார். "கை இறங்கிடுச்சு ஷெஃபிகா. இருபத்தஞ்சு காலர் கூடத் தேற மாட்டேங்குது." புது மிஷின் சரியில்லை என்று சண்டை போட்டுவிட்டு வீட்டுக்கு வந்தாள். மறு வருஷம் அவளுடைய அண்ணன் இறந்தபோது நெஞ்சு வெடிக்கிற மாதிரி இருந்தது. முகத்தில் ஒன்றும் வரவில்லை. "கூடப் பொறந்தவன் போயிருக்கான், கல்லு மாதிரி நிக்கிறாளே," என்று அண்ணி எல்லோர் முன்னாலும் சொன்னாள். அதன் பிறகு இரண்டு வீட்டுக்கும் பேச்சு நின்றது. குளிர்காலத்துக்கென்று அரைத்து வைக்கிற மிளகாய்த் துவையல் பாட்டில்களில் ஷெஃபிகா எழுதி ஒட்டும் வருஷம் எறும்பு சைஸுக்குச் சிறுத்துக்கொண்டே போனது. இவை ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக ஒரு காரணம் இருந்தது. ஒன்றோடு ஒன்றை யாரும் சேர்த்துப் பார்க்கவில்லை.

அந்தச் சனிக்கிழமை அடுப்படியில் நடந்தது இதுதான். செப்புக் குவளையில் தண்ணீர் கொதித்தது. அதை இறக்க வேண்டும் என்று நினைத்தாள். கை அசையவில்லை. கைக்குச் சொல்லிவிட்டுக் காத்திருக்க வேண்டியிருந்தது. அது எழுந்தபோது தண்ணீர் பாதி வற்றியிருந்தது. மறுபடி ஊற்றி வைத்தாள். பொடியைப் போட ஒரு காத்திருப்பு, நுரையை வழித்துக் கோப்பையில் போட ஒரு காத்திருப்பு. கூடத்தில் ஹில்மோ தன் பழைய பஸ்ஸின் பிரேக்கைப் பற்றி மூன்றாவது கதையை ஆரம்பித்திருந்தான்.

மகள் அமேலா எட்டிப் பார்த்தாள். "என்னம்மா பண்றே?"

"வர்றேன்."

"இருபது நிமிஷமா வர்றே. அந்தம்மா கடிகாரத்தப் பாக்க ஆரம்பிச்சுட்டாங்க. குடு, நான் கொண்டு போறேன்."

"முதல் காப்பியப் பொண்ணு கொண்டு போவாளா? போய் உக்காரு." குரல் அவளுக்கே கேட்கவில்லை. கண் இமைக்காமல் அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்த அம்மாவின் முகத்தை அமேலா ஒரு நிமிடம் பார்த்துவிட்டுப் போனாள். அவள் கண்டது உறைந்துபோன கோபம்.

விருந்தாளிகளின் கார் திரும்புவதற்குள் அமேலா பையில் துணியை அடைக்கத் தொடங்கினாள். இருபத்தேழு வயது. ஸெனிட்ஸாவில் மருந்துக்கடையில் வேலை; சனி, ஞாயிறு வீட்டுக்கு வருவாள். அந்தப் பையன் ஜெனானோடு இரண்டு வருஷப் பழக்கம். அவன் நல்லவன்தான், அம்மாவை எதிர்த்து ஒரு வார்த்தை பேசத் தெரியாதவன்.

"வேணும்னேதானே பண்ணே?"

"இல்லடி..."

"காலையில எதிர்வீட்டு ஹய்ரியா அக்காகிட்ட நீ பேசுனது எனக்குக் கேக்கலன்னு நினைச்சியா? 'அந்த முனெவெராவுக்கு வாய் ஊரகலம், அவ வாசல எம் பொண்ணு மிதிக்கக் கூடாது'ன்னு. சொன்னியா இல்லியா?"

சொன்னாள். அதை எப்படி இல்லை என்பது?

"இல்லன்னு சொல்லும்மா. என் முகத்தப் பாத்துச் சொல்லு."

ஷெஃபிகா பார்த்தாள். வார்த்தை வருவதற்குள் கதவு சாத்தப்பட்டது.

மறுநாள் காலை ரொட்டி அறுக்கும்போது அவளுக்கு அந்தச் சந்தேகம் வந்தது. கத்தி கையிலேயே நின்றது. நான்தான் பண்ணினேனா? எனக்கு அவர்களைப் பிடிக்கவில்லை. என் கைக்கு அது தெரியுமே. மனசு வெளியே சொல்லாததைக் கை செய்து காட்டிவிட்டதா? இப்படி ஒரு எண்ணம் தனக்கு வரும் என்று அவள் நினைத்ததில்லை. தன் கையையே பக்கத்து வீட்டுக்காரியைப் பார்ப்பதுபோல் பார்த்தாள்.

அமேலா இரண்டு மாதம் வரவில்லை. போன் செய்தால் அப்பாவிடம் மட்டும் பேசினாள். கல்யாணப் பேச்சு நின்ற இடத்தில் நின்றது.

ஏதோ சரியில்லை என்று ஹில்மோவுக்குத் தெரிந்தது சந்தையில்தான். அவள் முன்னால் போக, அவன் உருளைக்கிழங்கு மூட்டையோடு பின்னால் வந்தான். அவளுடைய இடது கை வீசியது. வலது கை வீசவில்லை. விலாவோடு ஒட்டி, கட்டு போட்ட மாதிரி தொங்கியது. முப்பது வருஷம் பஸ் கண்ணாடியில் ஆட்கள் நடந்து வருவதைப் பார்த்தவன். இப்படி நடந்து வந்த இன்னொருவர் அவன் நினைவுக்கு வந்தார்: வீதெஸ் நிறுத்தத்தில் ஏறும் ஓய்வுபெற்ற தபால்காரர். பஸ் படியில் ஒரு காலை வைத்துவிட்டு அடுத்த காலை எடுக்க முடியாமல் நிற்பார். ஹில்மோ ஹாரன் அடிப்பான். "என்ன பெரியவரே, படிக்கட்ட வெலைக்கு வாங்கப் போறீங்களா?" என்பான். பஸ் முழுக்கச் சிரிக்கும். மூட்டையை அங்கேயே போட்டுவிட்டு, நடுச்சந்தையில் மனைவியின் வலது கையைப் பிடித்து ஆட்டிப் பார்த்தான்.

"விடுய்யா, ஊரு பாக்குது," என்றாள் ஷெஃபிகா.

"பாக்கட்டும்."

சரயேவோ பெரிய ஆஸ்பத்திரியில் நரம்பு டாக்டர் வெஸ்னா அவளை நீளமான தாழ்வாரத்தில் நடக்கவிட்டுப் பார்த்தாள். பிறகு, "கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் கோழி மூக்கு மாதிரி நல்லாத் தெறந்து தெறந்து மூடுங்க, வேகமா," என்றாள். முதல் மூன்று தடவை மூக்கு நன்றாகத் திறந்தது. ஐந்தாவதில் பாதி. ஒன்பதாவதில் விரல்கள் ஒட்டிக்கொண்டு நின்றுவிட்டன. மணிக்கு நாற்பது காலர் தைத்த விரல்கள். மூன்று பேரும் அவற்றையே பார்த்தார்கள்.

"பார்க்கின்சன் நோய்," என்றாள் டாக்டர்.

"அது கை நடுங்குற வியாதியில்ல? இவளுக்கு நடுங்கவே இல்லையே," என்றான் ஹில்மோ.

"எல்லாருக்கும் நடுங்காது. சிலருக்கு இப்படித்தான். அசைவு மெதுவாகும், ஒடம்பு இறுகும், முகம் அசையாது, எழுத்து சிறுக்கும். வாசப்படி, குறுகலான எடம் வந்தா கால் ஒட்டிக்கும்."

"எப்பலேர்ந்து?" என்று ஷெஃபிகா கேட்டாள்.

"உறுதியாச் சொல்ல முடியாது. ஆறேழு வருஷம் ஆகியிருக்கலாம்."

ஷெஃபிகாவுக்குத் தலையில் தண்ணீரைக் கொட்டியதுபோல் இருந்தது. ஆறேழு வருஷம் என்றால் மேஸ்திரியின் பேச்சு அதற்குள் வருகிறது. அண்ணன் சாவு வருகிறது. அண்ணி சொன்ன கல் வருகிறது. தான் என்று நினைத்து வாழ்ந்த பொம்பளையில் பாதி இந்த நோயா? எந்தப் பாதி?

மாத்திரையால் நன்றாகவே குணம் தெரியும் என்றாள் டாக்டர். தொடங்குவதற்கு முன் ஆராய்ச்சிக்காக மூளையின் அலைகளைப் பதிவு செய்துகொள்ளலாமா, வலிக்காது என்று கேட்டாள். கூட வந்தவரையும் ஒப்பிட்டுப் பார்ப்பார்களாம். ஷெஃபிகா சரி என்றாள். ஹில்மோ வெளியே போய் மகளுக்குப் போன் போட்டான்.

"உங்கம்மாவுக்குப் புதன்கிழமை மூளையில ஒயர் மாட்றாங்க. வந்தா வா, வராட்டிப் போ."

அமேலா வந்தாள். கோட்டைக் கழற்றாமல் கதவோரம் நின்றாள். அம்மாவின் தலையில் ஒயர்கள் தொங்கும் துணித்தொப்பியைப் பார்த்ததும் அவள் முகம் வெளுத்தது.

விளக்கு எரிந்தால் பட்டனை அமுக்க வேண்டும். அறுபது தடவை. ஷெஃபிகா விளக்கைப் பார்த்த உடனே அமுக்க நினைத்தாள். ஒவ்வொரு தடவையும் விரல் தனக்கு நேரம் கிடைத்தபோது வந்தது. பிறகு ஹில்மோவுக்கும் தொப்பி மாட்டினார்கள். சமையல்காரத் தலைப்பாகை மாதிரி இருந்தது அவனுக்கு.

அறுபதையும் சேர்த்து ஒரே படமாகத் திரையில் போட்டு அமேலாவுக்குக் காட்டினாள் டாக்டர். "நாம சும்மா இருக்கும்போது, அசைவப் பாத்துக்குற எடத்துல ஒரு அலை ஓடிட்டே இருக்கும். நொடிக்கு ஏறக்குறைய இருபது தடவ. இருக்குற மாதிரியே இருன்னு சொல்ற அலைன்னு வெச்சுக்கங்க. கை அசையணும்னா மொதல்ல அது அடங்கணும். இது உங்க அப்பாவோடது. விளக்கு எரிஞ்ச ஒடனே பாரும்மா, கை அசையறதுக்கு முன்னாடியே எவ்வளவு பெரிய பள்ளம்!"

"எனக்கு மூளை இருக்குன்னு எழுதிக் குடுங்க டாக்டர். கூடத்துல மாட்டணும்," என்றான் ஹில்மோ.

"இது அம்மாவோடது." அங்கே பள்ளம் என்று சொல்ல ஒன்றும் பெரிதாக இல்லை. விளக்கு எரிந்த பிறகும் அலை அதே உயரத்தில் ஓடியது. தாமதமாகக் கொஞ்சம் தாழ்ந்து, உடனே எழும்பிக்கொண்டது. "இதப் பாத்து நோயக் கண்டுபிடிக்கல. அத அவங்க விரலே சொல்லிருச்சு. உள்ள என்ன நடக்குதுன்னு கொஞ்சம் தெரியுது, அவ்வளவுதான். இருன்னு சொல்றது நிக்கவே மாட்டேங்குது."

அமேலா திரைக்கு அருகில் வந்து நின்றாள். கை வாயை மூடியிருந்தது. "அன்னிக்கு அடுப்படியிலயும்...?"

"எந்த அடுப்படின்னு எனக்குத் தெரியாது. இதே மாதிரிதான் இருந்திருக்கும்."

மகளின் தோள் தளர்வதை ஷெஃபிகா கண்டாள். வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். இரண்டு மாதமாக ரொட்டிக்கத்தியோடு நின்ற கேள்வி அவளை விடவில்லை.

"டாக்டர், நான் அத செய்யணும்னு நினைச்சேனா, வேணாம்னு நினைச்சேனா, அது இதுல தெரியுமா?"

"தெரியாது. கை ஏன் லேட்டாச்சுன்னு இது கொஞ்சம் சொல்லும். உங்களுக்கு இஷ்டமா இல்லையான்னு சொல்லாது. அது உங்களுக்குத்தான் தெரியும்."

ஹில்மோ காரை எடுத்துவரப் போனான். ஆஸ்பத்திரித் தாழ்வாரத்து பெஞ்சில் அம்மாவும் மகளும் உட்கார்ந்தார்கள். ஷெஃபிகாவின் தலைமுடியில் தொப்பிக்கென்று தடவிய பசை ஒட்டியிருந்தது.

"ஏம்மா அதக் கேட்டே?" என்றாள் அமேலா. "அந்த டாக்டர் சொன்னதோட விட்டிருந்தா முடிஞ்சிருக்கும்ல."

"முடிஞ்சிருக்காது. அந்தம்மாவ எனக்குப் பிடிக்கல. இன்னிக்கும் பிடிக்கல. ஹய்ரியாகிட்ட சொன்னது நெசம்." ஒவ்வொரு வாக்கியத்துக்கும் நடுவே ஒரு காத்திருப்பு. அமேலா இந்தத் தடவை எழுந்து போகவில்லை. "ஆனா காப்பியக் குடுத்துரணும்னுதான் நினைச்சேன். சீக்கிரமாக் குடுத்தா சீக்கிரமாக் குடிச்சிட்டுப் போவாளேன்னு. அந்த அவசரந்தான் இருந்துச்சு எனக்கு. அவ்வளவு அவசரம் என் வாழ்க்கையில பட்டதில்ல."

அமேலாவின் வாயிலிருந்து சிரிப்பு போல ஒன்று வெடித்து, பாதியில் உடைந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"ரெண்டு மாசம் உன்ன..." என்று ஆரம்பித்து நிறுத்தினாள். பிறகு, "அவங்க வீட்டுக்குப் போயி நானே சொல்றேன். சீக்குன்னு சொல்றேன். பிடிக்கலங்குறதையும் நீயே ஒரு நாள் நேர்ல சொல்லிக்க. எனக்கு ஜெனான்தான். அதுல மாத்தமில்ல."

"சரி."

"சனிக்கிழம வர்றேன். ஞாயித்துக்கிழம போயிருவேன்."

ஷெஃபிகாவுக்கு உள்ளே என்னவோ பொங்கி வந்தது. அமேலா அம்மாவின் முகத்தில் எதையோ தேடினாள். நெற்றியில், கண்ணோரத்தில், உதட்டில். வெகுநேரம் தேடினாள்.

"உனக்குச் சந்தோஷமா இல்லியான்னு எனக்குத் தெரியலம்மா," என்றாள் கடைசியில், பயந்துபோன குரலில். "ஒண்ணுமே தெரியல. வாயால சொல்லு."

"சந்தோஷந்தான்."

"இனிமே எல்லாத்தையும் நீ வாயாலதான் சொல்லணும்போல."

வெளியே ஹில்மோ ஹாரன் அடித்தான். இருவரும் எழவில்லை. ஷெஃபிகா இன்னும் சொல்லி முடிக்கவில்லை என்பது மகளுக்குப் புரிந்திருந்தது.

"பயமாவும் இருக்கு," என்றாள் ஷெஃபிகா.